ஏட்டில் ஏறாத விரல்கள்

இந்தியாவில் பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் 2017 முதல் 2020 வரை நாளொன்றுக்குச் சராசரியாக 3 பேர் இறந்தார்கள், 11 பேர் காயமடைந்தார்கள். மாநிலங்கள் அனுப்புவதைத் தொகுத்து மத்திய அரசு வைத்திருக்கும் கணக்கு இது. இறந்தவர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் யாருக்கும் முதலில் மனம் பதறும். ஆனால் பதற வேண்டிய எண் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது: பதினொன்று. ஒரு சாவுக்கு நான்கு காயம்கூட இல்லை.

பிரிட்டனில் 2023-24இல் வேலையிடத்தில் இறந்தவர்கள் 138 பேர். முதலாளிகள் அரசுக்குத் தெரிவித்த காயங்கள் 61,663. ஒரு சாவுக்கு ஏறத்தாழ 450 காயம். அமெரிக்காவில் 2023இல் 5,283 சாவுகள். தனியார் துறையில் மட்டும் சுமார் 26 லட்சம் காயங்களும் நோய்களும் பதிவாயின. பிரிட்டனில் ஏழு நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனாலோ, கடுமையான காயமாக இருந்தாலோதான் முதலாளி தெரிவிக்க வேண்டும். இங்கே 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வைத்த வரம்பு 48 மணி நேரம். வரம்பு தாழ்வாக உள்ள நாட்டில் எண்ணிக்கை கூடுதலாக வந்திருக்க வேண்டும். வந்திருப்பது நேர்மாறு. இந்திய இயந்திரங்கள் ஒன்று ஆளைக் கொன்றுவிடும், இல்லாவிட்டால் கீறல்கூடப் போடாமல் விட்டுவிடும் என்று நம்பினால்தான் இந்தக் கணக்கு ஒத்துவரும். பிணத்துக்குப் போலீஸ் வரும், பிரேதப் பரிசோதனை உண்டு, ஊர் திரளும். துண்டான விரலுக்கு இவை எதுவும் கிடையாது.

வேலையிடக் காயங்களின் புள்ளிவிவரத்தையும் இழப்பீட்டு வழக்குகளின் பட்டியலையும் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் வரைபடமாகவே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். உற்றுப் பார்த்தால் அவை பெரும்பாலும் காட்டுவது, காகிதம் எதுவரை எட்டியிருக்கிறது என்பதை. காப்பீடு இருக்கும் இடத்தில் வழக்கு இருக்கிறது. காப்பீட்டு அட்டை இருக்கும் இடத்தில் காயம் இருக்கிறது. பிரிட்டனும் இதற்கு விலக்கல்ல. முதலாளிகள் 61 ஆயிரம் காயங்களைச் சொன்ன அதே ஆண்டில், வீடு வீடாகக் கேட்ட தொழிலாளர் கணக்கெடுப்பில் 6,04,000 பேர் வேலையில் அடிபட்டதாகச் சொன்னார்கள். சிறு காயங்களும் அதில் சேரும் என்றாலும், அத்தனையும் சிறு காயமல்ல.

இந்தியச் சட்டம் நூறு வயதைத் தாண்டியது. பிரிட்டனின் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றி 1923இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடிபட்டவர் முதலாளியின் கவனக்குறைவை நிரூபித்தால்தான் காசு. கூட வேலை பார்த்தவன் தவறினால் முதலாளிக்குப் பொறுப்பில்லை என்ற விதியை 1837இலேயே ஒரு கசாப்புக்கடைப் பையனின் வழக்கில் ஆங்கிலேய நீதிமன்றம் தொடங்கி வைத்திருந்தது. புதிய சட்டம் அந்தச் சுமையை இறக்கியது. யார் தப்பு என்ற கேள்வியே வேண்டாம். வேலையினால், வேலையின்போது நடந்த விபத்தா என்பது மட்டும் போதும். குடித்திருந்தான், பாதுகாப்புக் கருவியைக் கழற்றினான் என்று முதலாளி வாதாடலாம். ஆனால் தொழிலாளி இறந்துவிட்டாலோ, நிரந்தரமாக முழு ஊனம் அடைந்தாலோ அந்த வாதமும் செல்லாது.

உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் இச்சட்டம் ஒரு சதவீதம் வைத்திருக்கிறது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போயிற்று என்று பொருள். ஆள்காட்டி விரல் முழுதும் என்றால் 14, நடுவிரல் 12, மோதிர விரலும் சுண்டு விரலும் தலா 7. எலும்பு போகாமல் ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் துண்டானால் 5. ஒரு கண்ணில் பார்வை போனால் 30. வயதுக்கும் ஓர் எண் உண்டு: 30 வயதுக்கு 207.98, 50 வயதுக்கு 153.09, 65ம் அதற்கு மேலும் என்றால் 99.37. மாதச் சம்பளத்தில் பாதியை இந்த எண்ணால் பெருக்கினால் சாவுக்கான இழப்பீடு; அறுபது சதவீதத்தைப் பெருக்கினால் முழு ஊனத்துக்கானது.

கணக்கிட்டுப் பார்க்கலாம். 2020 ஜனவரி 3 முதல், எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் கணக்கில் எடுக்கும் உச்சவரம்பு 15,000 ரூபாய். 30 வயதுக்காரர் இறந்தால் 15,59,850 ரூபாய். அதற்கு முந்தைய நாள்வரை உச்சவரம்பு 8,000 ரூபாய்தான். அதே ஆள் ஒரு நாள் முன்னதாக இறந்திருந்தால் குடும்பத்துக்கு 8,31,920. மாதம் 12,000 வாங்கும் 30 வயதுத் தொழிலாளியின் ஆள்காட்டி விரலுக்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. பவர் பிரஸ் பட்டறை நடத்துபவர் மருத்துவச் செலவையும் கையில் ஒரு பத்து, இருபதாயிரத்தையும் கொடுத்து ‘செட்டில்’ செய்துகொள்ளத் துடிப்பது ஏன் என்பதை இந்த ஒரு பெருக்கல் சொல்லிவிடும்.

அட்டவணையின் சதவீதம் கடைசி வார்த்தையும் இல்லை. ஒடிசாவின் ஜெய்ப்பூரில் ஒரு சினிமா கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் 1968இல் விழுந்து இடது கையை இழந்தார். அட்டவணைப்படி அது பகுதி ஊனம். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே முழு ஊனம்தான் என்று 1975இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இழப்பீட்டு ஆணையர் முடிவு சொல்லும் நாளிலிருந்து அல்ல, விபத்து நடந்த நாளிலிருந்தே பணம் கடனாகிவிடுகிறது என்பதும் அதே தீர்ப்பு. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. தக்க காரணம் இல்லாவிட்டால் 50 சதவீதம்வரை அபராதம். காப்பீட்டு நிறுவனம் வட்டியைத்தான் கட்டும். அபராதம் முதலாளி கையிலிருந்தே போக வேண்டும்.

இத்தனை நல்ல சட்டத்தை யார் பயன்படுத்துகிறார்கள்? உயர் நீதிமன்றங்களில் இந்தச் சட்டத்தின் கீழ் வெளிவந்த தீர்ப்புகளைப் புரட்டினால் ஒரே முகம் திரும்பத் திரும்ப வரும்: லாரி டிரைவர், கிளீனர், லோடுமேன், டிராக்டர் ஓட்டியவர். மேல்முறையீடு செய்பவர் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனம். இந்தியாவில் லாரிதான் மிக ஆபத்தான வேலையிடம் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடலாமா? லாரிச் சாவுகள் அதிகம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் வழக்குகள் அங்கே குவிவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டப்படி வண்டிக்குக் கட்டாயக் காப்பீடு உண்டு. அதில் டிரைவருக்கான இழப்பீட்டுப் பொறுப்பும் அடக்கம். விபத்து என்றால் எஃப்.ஐ.ஆர். இருக்கும், வண்டி எண் இருக்கும், பாலிசி எண் இருக்கும். கொடுக்க வசதியுள்ள ஒருவர் எதிர்மனுதாரராக நிற்பார். வக்கீலும் துணிந்து கேஸை எடுப்பார். நாமக்கல் லாரியில் கால் போனவருக்கு இருக்கும் இந்த வழி, பள்ளிபாளையத்தில் பத்துத் தறி ஓடும் கொட்டகையில் கை மாட்டியவருக்குக் கிடையாது. அங்கே பாலிசி இல்லை. பல சமயம் அவர் வேலை பார்த்ததற்கே சாட்சி இல்லை.

தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வேறொரு பாதை உண்டு: ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய திட்டம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் இதற்குள் வருவார். தொழிலாளி 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்டுகிறார்கள். வேலையில் அடிபட்டால் தற்காலிக ஊனத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம்; இறந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை. ஈ.எஸ்.ஐ.க்குள் இருப்பவர் 1923 சட்டப்படி முதலாளிமீது தனியாக வழக்குப் போட முடியாது. பெரிய ஆலைகளில் இது நன்றாகவே நடக்கிறது என்று சொல்ல வேண்டும்.

சிக்கல் பெரிய ஆலைக்கு உதிரிபாகம் செய்து தரும் இடங்களில். குருகிராம், ஃபரீதாபாத் பகுதியில் வாகன உதிரிபாகப் பட்டறைகளில் விரல் இழந்தவர்களை ‘சேஃப் இன் இந்தியா’ என்ற அமைப்பு ஆண்டுக்கணக்காகச் சந்தித்து அறிக்கை வெளியிட்டு வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் உத்தரப் பிரதேசம், பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள், ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்தவர்கள், பவர் பிரஸ்ஸில் அடிபட்டவர்கள். இவற்றை விடவும் முக்கியமான ஒன்றை அந்த அறிக்கைகள் காட்டுகின்றன: ஈ.எஸ்.ஐ. அட்டை பலருக்கு விபத்துக்குப் பிறகுதான் கைக்கு வருகிறது. வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே கிடைத்திருக்க வேண்டிய அட்டை, விரல் போன பிறகு அவசரமாகத் தயாராகிறது. ஈ.எஸ்.ஐ. ஏட்டைப் பார்க்கும் எவருக்கும் அவர் அன்றுதான் வேலைக்கு வந்தவர்போலத் தோன்றும்.

இதில் ஓர் இடறலும் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவருக்குத்தான் அதிகம் அடிபடும் என்பது மெய்யான உண்மை. டொராண்டோவில் உள்ள வேலை, உடல்நல ஆய்வு நிறுவனம் ஒன்டாரியோ மாகாணத்தின் இழப்பீட்டுக் கோரிக்கைகளை ஆண்டுக்கணக்கில் அலசியது. ஓராண்டுக்கு மேல் வேலை பார்த்தவரைவிட முதல் மாதத்தில் இருப்பவருக்கு வேலைநாளை இழக்கச் செய்யும் காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. அங்கே காப்பீடு முதல் நாளே தொடங்கிவிடும் என்பதால் அந்த எண்ணை நம்பலாம். இங்கே அதே எண் வந்தால், அது பயிற்சிக் குறைவா, தாமதப் பதிவா என்று பிரித்தறிய வழியில்லை.

கோரிக்கைப் பட்டியலை வைத்துத் தொழிலாளியைச் சந்தேகிப்பது பழைய வழக்கம். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இருந்த ஹெர்பர்ட் ஹைன்ரிக் 1931இல் எழுதிய நூலில், விபத்துகளில் 88 சதவீதம் தொழிலாளியின் பாதுகாப்பற்ற செயலால் நடப்பவை என்றார். அவர் பார்த்தவை காப்பீட்டுக் கோப்புகளும் ஆலை நிர்வாகத்தின் அறிக்கைகளும். மேற்பார்வையாளர் எழுதிய அறிக்கையில் மேற்பார்வையாளர்மீது பழி எழுதியிருக்குமா? ஆனாலும் அந்த 88 இன்றுவரை பாதுகாப்பு வகுப்புகளில் உலவுகிறது.

திங்கட்கிழமைக் கதை இன்னும் சுவாரசியமானது. அமெரிக்காவில் சுளுக்கு, முதுகுவலி ஆகியவற்றுக்கான கோரிக்கைகள் திங்கட்கிழமை கூடுதலாக வருவதைக் கவனித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் முதுகைப் பிடித்துக்கொண்டவன், மறுநாள் ஆலையில் அடிபட்டதாகச் சொல்லி முதலாளி செலவில் வைத்தியம் பார்க்கிறான் என்று விளக்கமும் தயாரானது. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் பிரையன் மெக்காலும் மின்னசோட்டா மாநிலத்தின் கோரிக்கைகளை எடுத்து 1996இல் அதைச் சோதித்தார்கள். விளக்கம் சரியென்றால், தனியாக மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள்தான் திங்கட்கிழமைகளில் அதிகம் வர வேண்டும். அப்படி வரவில்லை. கார்டுக்கு 2021இல் பொருளாதார நோபல் கிடைத்தது வேறு ஆய்வுகளுக்காக. திங்கட்கிழமைச் சந்தேகமோ நோபலுக்கும் அசையாமல் மேலாளர்கள் மனத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பட்டியல் ஒழுங்காக இருந்தால் அது எவ்வளவு பேசும் என்பதற்குக் கலிபோர்னியா சாட்சி. 2001 முதல் 2018 வரை அங்கே பதிவான ஒரு கோடிக்கும் மேற்பட்ட கோரிக்கைகளை அன்றன்றைய வெயிலோடு பொருத்திப் பார்த்தார்கள் ஜிசுங் பார்க்கும் அவர் குழுவினரும். 90 ஃபாரன்ஹீட், அதாவது 32 செல்சியஸைத் தாண்டிய நாட்களில் காயங்கள் 6 முதல் 9 சதவீதம் கூடுகின்றன. மயக்கம், வெயில்பிடிப்பு மட்டுமல்ல. ஏணியிலிருந்து விழுவது, இயந்திரத்தில் கை மாட்டுவது, வண்டி மோதுவது எல்லாம் கூடுகின்றன. கூரைக்குள் நடக்கும் உற்பத்திக் கூடங்களும் கிடங்குகளும் தப்பவில்லை. 2005இல் அம்மாநிலம் வெயில் பாதுகாப்பு விதி கொண்டுவந்த பிறகு இந்தத் தாக்கம் குறைந்தது என்பதும் அதே பட்டியலிலிருந்து தெரிந்தது.

32 டிகிரியை வெயில் என்றே தமிழ்நாட்டில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வேலூரில் சித்திரை வெயிலில் சென்டரிங் கட்டுபவர் தலைசுற்றி விழுந்தால், விழுந்ததுதான் விபத்து. வெயில் எந்தப் படிவத்திலும் இடம்பெறாது. படுத்தவர் எழுந்திருக்காவிட்டால் மாரடைப்பு. 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதன் நிவாரணம் கிடைக்க வேண்டுமானால் சாவுக்குக் காரணம் வெப்பம் என்று மருத்துவர் எழுதியிருக்க வேண்டும்.

மாரடைப்பு நீதிமன்றங்களையே குழப்பியிருக்கிறது. வண்டியில் கிளீனராக இருந்த ஒருவர் பணியில் இருக்கும்போது மாரடைப்பால் இறந்தார். வேலைக்கும் சாவுக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று 2006இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. டெல்லியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரி ஓட்டிவந்து வழியில் இறந்த டிரைவரின் வழக்கில், அந்த நெடும்பயணத்தின் களைப்பே தொடர்பு என்று 2012இல் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியும் அப்படித்தான். 1971இல் ஓர் ஆலைத் தொழிலாளி நாலரை மணி ஷிப்டுக்குச் சைக்கிளில் போகும்போது, ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவில் லாரி மோதியது. அது வேலைக் காயம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் முடிவு சொல்ல 1996 ஆயிற்று. 2010இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் திருத்தப்பட்டு, வேலைக்குப் போகும் வரும் வழியில் நடக்கும் விபத்தும் சேர்க்கப்பட்டது. ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவர்கள்? 2003இல் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி அதிகாலை மூன்று மணி வேலைக்காக மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் இறந்தார். 1923 சட்டத்துக்கும் அந்தத் திருத்தத்தின் பொருளே பொருந்தும் என்று அவர் குடும்பம் கேட்டுப் பெற்றது 2025 ஜூலையில். நான்கு மாதம் கழித்து, நவம்பர் 21 அன்று 1923 சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் வழி விபத்து வெளிப்படையாகவே இடம்பெற்றுவிட்டது.

சிவகாசியில் கேள்வி வேறு. அங்கே விபத்தை மறைக்க முடியாது. சத்தம் பத்து ஊருக்குக் கேட்கும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே இல்லை. தீயைப் பார்த்து ஓடிவந்த அக்கம்பக்கத்து ஆட்கள். இழப்பீட்டுச் சட்டம் தொழிலாளிக்கு மட்டுமே என்பதால் அவர்கள் அதன் வாசலுக்கே வர முடியாது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தபோது வெளிப்பட்டது உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் வேறு பலர் கையில். மருந்து கலக்கும் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம் என்ற விதிகள் எல்லாம் உரிமத்தாளில் இருக்கும். தீபாவளி ஆர்டரை முடிக்கத் துண்டுக்கணக்கில் கூலி வாங்கும் பெண்கள் மரத்தடியிலும் உட்கார்ந்திருப்பார்கள். யார் முதலாளி என்று கேட்டால் ஒருவரை ஒருவர் காட்டுவார்கள். ஒப்பந்தக்காரரின் ஆளாக இருந்தாலும் முதன்மை முதலாளியே முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது 1923 சட்டத்தின் 12ஆம் பிரிவு. அந்தப் பிரிவைக் கேட்டு வழக்குப் போடும் குடும்பத்தைவிட நிவாரண நிதிக் காசோலைக்குக் காத்திருக்கும் குடும்பங்களே அதிகம். அச்சங்குளம் விவகாரத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக எடுத்துக்கொண்டு, இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் என்று சொன்னது. தொழிலாளர் இழப்பீட்டைச் சுற்றுச்சூழல் தீர்ப்பாயம் நிர்ணயிக்கும் விசித்திரம் எப்படி வந்தது என்று தொழிலாளர் துறை யோசித்திருக்க வேண்டும்.

கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளிலும் இதே கதை. 2014இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் என்றது, 2023 அக்டோபரில் 30 லட்சம் ஆக்கியது. இழப்பீட்டுச் சட்டத்தின் பெருக்கல் கணக்கு அந்தக் குடும்பங்களை எட்டியிருந்தால் நீதிமன்றம் தனித்தொகை சொல்ல வேண்டிய நிலையே வந்திருக்காது.

புலம்பெயர்ந்தவர்களுக்குக் காகிதம் ஊரோடு அறுந்துபோகிறது. 2014 ஜூன் 28 அன்று சென்னை அருகே மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பலர் ஆந்திராவின் வடக்கு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அது பெரிய செய்தி ஆனதால் பெயர்கள் கிடைத்தன. சாரத்திலிருந்து தனியாக விழும் ஒடிசாக்காரரை மேஸ்திரி ரயிலேற்றி அனுப்பிவிடுவார். அவர் சொந்த மாவட்டத்திலேயே ஆணையரிடம் மனுப் போடலாம் என்று சட்டம் 1995இலேயே திருத்தப்பட்டது. அதைச் சொல்ல ஆள் வேண்டும். தவிர, அடிபட்ட அன்று அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் எப்படி அடிபட்டது என்று எழுதிய ஒரு வரிதான் பின்னால் வழக்கின் உயிர். கூடவே வந்து நின்ற மேஸ்திரி ‘ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்’ என்று சொல்லியிருந்தால், இரண்டு ஆண்டு கழித்து வரும் வக்கீலுக்கு அந்த வரியைத் தாண்டிப் போவது பெரும்பாடு.

இவை எல்லாம் ஒரே நொடியில் நடக்கும் விபத்துகள். மெதுவாகக் கொல்லும் வேலைகள் பட்டியலில் இன்னும் குறைவு. பஞ்சுத் தூசியால் வரும் நோய், கல்தூசியால் வரும் சிலிகோசிஸ் இரண்டும் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் பெயரோடு இருக்கின்றன. ஆனால் கல்குவாரித் தொழிலாளியின் இருமல் பெரும்பாலும் காசநோயாகவே எழுதப்படுகிறது. நோய் தெரியும் காலத்தில் அவர் வேலை பார்த்த குவாரி மூடியிருக்கும். ராஜஸ்தான் 2019இல் தனிக் கொள்கை வகுத்து, சிலிகோசிஸ் உறுதியானவருக்கு 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் என அரசே கொடுக்க முன்வந்தது. பணம் என்று ஒன்று வந்தவுடன் அதுவரை இல்லாத நோயாளிகள் ஆயிரக்கணக்கில் ஏட்டில் வந்தார்கள்.

தமிழ்நாட்டில் கொடைக்கானல் இருக்கிறது. அங்கே இருந்த பாதரச வெப்பமானி ஆலை 2001 மார்ச்சில் மூடப்பட்டது. சிறுநீரகக் கோளாறு, நடுக்கம், நினைவுத் தடுமாற்றம் என்று முன்னாள் தொழிலாளர்கள் சொன்னார்கள். பாதரசத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்றது ஆலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர். பாதரச நச்சும் மூன்றாம் அட்டவணையில் உள்ள நோய்தான். ஆனால் அவர்கள் இழப்பீட்டு ஆணையரிடம் போய்ப் பயன் காணவில்லை. 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2015இல் இதைப் பற்றிச் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாட்டு இணையத்தில் பரவிய பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. கொடுத்தது இழப்பீடு என்று எழுதப்படவில்லை, மனிதாபிமான உதவி என்றே எழுதப்பட்டது. தொகை எவ்வளவு என்பது வெளியிடப்படவில்லை.